மாதம் பத்து வெள்ளி

இடுப்பு வாரின் உள்பையில் விரலை விட்டுத் துழாவி, ஒரு பெரிய காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் என் வீட்டுக்காரர். பினாங்கிலிருந்து அவர் வந்து இறங்கிய மறுநாள் காலை அது. ஆம்பூரில் அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டின் பின்கட்டில், அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.

காசு அவர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. நம் ரூபாயைவிடப் பெரியது, கனமும் கூட. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் கட்டம் கட்டமாகக் கோலம், அதற்குள் சீன எழுத்து.

"இது இன்னா காசு?" என்று கேட்டேன்.

"வெள்ளி" என்றார்.

"வெள்ளின்னு பாத்தாலே தெரியுது. இன்னா காசுன்னு கேக்கறேன்."

"அதான் சொல்றேனே, வெள்ளின்னு."

முந்தின நாள் சாயங்காலம் சண்டை போட்டுவிட்டு, ராத்திரி முழுக்க ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தோம். இப்போது கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த காசைத் தூக்கிக் கூழ்ப்பானையில் போடலாமா என்றுகூடத் தோன்றியது.

இந்தத் தொடரில் போன வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர், "அம்மாவுக்கு இவ்வளவு கோபம் ஆகாது, வயதாகிறது" என்று எழுதியிருக்கிறார். அவர் இந்த வாரத்தைத் தாண்டிப் போய்விடுவது நல்லது. இதில் கோபம் இன்னும் ஜாஸ்தி.

பேங்கி வாசல்

பதினாலாம் வருஷத்துப் பெரிய யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் சிறுவயதில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். பிறகு வேலூரில் குதிரைச் சேணம் தைக்கிற கடையில் தொழில் கற்றுக்கொண்டார். பினாங்கில் ஒரு கோச்சு வண்டிப் பட்டறையில் தோல் தைக்க ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுக் கப்பலேறினார். எனக்கு அப்போது மடியில் கைக்குழந்தை.

கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நான் குழியில நின்னது போதும். நீ தோல் ஷாப்பு வாசலை மிதிக்கக்கூடாது. அதுக்குத்தான் போறேன்."

அங்கே சம்பளம் நன்றாகத்தான் இருந்தது. சம்பளத்தை எங்கே வைப்பது என்பதுதான் பேஜார். ஏழெட்டு ஆண்கள் ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கும் இடத்தில், தகரப் பெட்டிக்குப் பூட்டு போட்டால் பூட்டோடு பெட்டி போய்விடும். இடுப்பு வாரை அவரே தைத்து, அதற்குள் பணத்தை வைத்துக்கொண்டு குளித்தார், தூங்கினார். இடுப்பில் புண் வந்தது.

ஒரு நாள் சட்டை துவைத்துப் போட்டுக்கொண்டு பேங்கிக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்ற தலைப்பாகைக்காரன் இவர் கையைப் பார்த்தானாம். மெழுகு நூலும் சாயமும் ஏறிய கை. "யாருக்குச் சாமான் கொண்டு வந்தே?" என்று கேட்டானாம். பணம் கட்ட வந்தேன் என்று சொன்னதற்குச் சிரித்திருக்கிறான். இவர் திரும்பி வந்துவிட்டார்.

தபாலாபீஸ் இருந்தது. ஆனால் பட்டறை விடுவதற்கு முன்பே அதன் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். பணம் கட்டுகிற பாரத்தை இங்கிலீஷில் நிரப்ப வேண்டும். நிரப்பிக் கொடுக்க வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கூலி. அதற்காக அரை நாள் சம்பளத்தை விட வேண்டும்.

அப்போது கிடைத்ததுதான் கடை. எங்கள் ஆம்பூர் ஆள் ஒருவர் அங்கே மளிகை வைத்திருந்தார். அரிசி, புளி, கருவாடு, நம் ஊர்ப் பேச்சு எல்லாம் அங்கே கிடைக்கும். சம்பளத்தை அவரிடம் கொடுத்து வைத்தால் பத்திரமாக இருக்கும், வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம். ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் அவரிடம் கட்டினால் போதும். ஆம்பூர் பஜாரில் அவருடைய அண்ணன் கடை இருந்தது. தொகையை எழுதிய சீட்டு அங்கே வந்து சேரும், அண்ணன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். இதற்குத் தம்பி கமிஷன் எடுத்துக்கொள்வார். அதை இரண்டு நாட்டுக்கும் நடுவே உழைக்கிறவருக்கு நியாயமான கூலி என்று என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார்.

நம்ம ஊர் ஆள், நம்ம சபை ஆள் என்று வேறு எழுதியிருந்தார். பேங்கி வாசலில் ஒருவன் சிரித்தால், ஊர்க்காரன் யாராக இருந்தாலும் உத்தமனாகத் தெரிவான் போலிருக்கிறது.

"வெள்ளியாவே எண்ணிக்கோ"

ஆம்பூர் கடைக்காரரை நான் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசை அவருக்கு. வெள்ளை அங்கவஸ்திரம், சந்தன சோப்பு வாசனை, யாரையும் அதட்டாத குரல். எனக்கு இன்றுவரை அதட்டுகிறவர்களைக் கண்டால் பயமில்லை. மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் கையிலிருப்பதை முந்தானையில் முடிந்துகொள்கிறேன்.

மாதா மாதம் சீட்டு வரும். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன்.

"வாம்மா ரெபெக்கா. பத்து வெள்ளி வந்திருக்குது" என்பார்.

அப்போது காகித நோட்டு என்றால் எங்களுக்கெல்லாம் பயம். நனைந்தால் போச்சு, கரையான் தின்றால் போச்சு, செல்லாது என்று எவனாவது சொன்னால் போச்சு. அது அவருக்குத் தெரியும்.

"உனக்கு நான் காகிதம் குடுக்கமாட்டேன். சீட்டுல வெள்ளின்னு எழுதி வந்திருக்குது. வெள்ளியாவே எண்ணிக்கோ" என்று சொல்லி, பெட்டியிலிருந்து வெள்ளி ரூபாய்களை எடுப்பார். ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டுச் சுண்டுவார். டங்கென்று ஒலிக்கும். ஓசை சரியில்லாததைத் தள்ளி வைத்து வேறு எடுப்பார். பத்து ஆனதும் என் பக்கம் நகர்த்துவார்.

எவ்வளவு நல்ல மனுஷர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மற்ற பினாங்கு வீட்டுப் பெண்கள் மையில் கட்டைவிரலை அழுத்திவிட்டுப் போவார்கள். நான் மிஷன் பள்ளியில் படித்தவள். பேனாவை வாங்கி, "வெள்ளி பத்து பெற்றுக்கொண்டேன்" என்று என் கையாலேயே எழுதி, பெயரைச் சுழித்துப் போடுவேன். "எழுத்து முத்து முத்தா இருக்குது" என்பார் கடைக்காரர். வெயிலில் வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை எனக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

மிச்சம்

என் வீட்டுக்காரர் எழுதும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடியும். "வீட்டுச் செலவு போக மிச்சத்தைப் பத்திரமாகப் போட்டு வை. மனைக்கு ஆகும்."

அந்த மனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலாற்றுக்குப் போகிற பாதையில் மேட்டில் ஒரு துண்டு நிலம். ஆற்றுக் காற்று அந்தப் பக்கமிருந்து வரும், தோல் ஷாப்புகளின் நாற்றம் அங்கே எட்டாது. எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணமான புதிதிலிருந்தே அதன் மேல் கண். நிலத்துக்காரர் நல்லவர். "உன் புருஷன் வந்ததும் முடிச்சுக்கலாம். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது" என்று சொல்லியிருந்தார்.

பத்து ரூபாயில் என்ன மிச்சம்? வீட்டு வாடகை, மாமியார், நான், குழந்தை, பிரசவத்துக்கு வந்து உட்கார்ந்த நாத்தனார். கேழ்வரகு விற்ற விலையில் மாதக் கடைசியில் கையில் நாலைந்து அணா நின்றால் ஆச்சரியம். அவரானால் ஒவ்வொரு கடிதத்திலும் மிச்சம், மிச்சம் என்கிறார். ஒரு கடிதத்தில், "ஒரு வார்த்தைகூட மிச்சத்தைப் பற்றி நீ எழுதுவதில்லையே" என்று வேறு கேட்டிருந்தார்.

கடிதத்தை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் இன்னொரு கேள்வி கேட்டார். அவருக்கு எழுத்து தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

"ஏண்டி, மாசா மாசம் பத்து வெள்ளி பத்து வெள்ளின்னு எழுதறானே. அந்த வெள்ளி எங்க? நீ ரூபாவத்தானே எடுத்தாந்து காட்டற?"

"அத்தே, ரூபாதான் வெள்ளி. வெள்ளில பண்ணதுதானே ரூபா."

"எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு நெனச்சியா? ரூபான்னா ரூபான்னு எழுதுவான். வெள்ளின்னா வெள்ளி. கொலுசா பண்ணி உங்கம்மா வூட்ல வெச்சிருக்கியா?"

இது வருஷக்கணக்கில் ஓடியது. கிணற்றடியில், கோயில் வாசலில், நாத்தனாரின் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று பத்துப் பேர் நடுவில். என் அம்மா வீட்டுப் பானையைக்கூட ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டு வந்தார். எனக்கு அவர் மேல் எவ்வளவு ஆத்திரம் என்று சொல்லி முடியாது. ஆனால் இன்றைக்கு நினைத்தால், ரூபாய் வேறு, வெள்ளி வேறு என்று அந்த வீட்டில் சொன்ன ஒரே ஆள் அந்தக் கிழவிதான்.

என் வீட்டுக்காரருக்கு மிச்சம் காட்ட வேண்டுமென்று நான் தோல் ஷாப்புக்குப் போனேன். எந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று சொன்னாரோ அதே வாசல். ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. தோலைப் பதப்படுத்த அந்தப் பட்டையைத்தான் ஊற வைப்பார்கள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காலையில் போனால், பொழுது சாய்கிறவரை உலக்கை. தூள் மூக்கில் ஏறும், துப்பினால் செம்மண் நிறத்தில் வரும். கை முதலில் கொப்பளித்தது, பிறகு காய்த்தது, பிறகு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனது. புளி போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு. அவருக்கு இதை நான் எழுதவில்லை. எழுதினால் வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

கூலியில் ஒரு காசு தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, அரிசிப் பானைக்கு அடியில் புதைத்து வைத்தேன்.

பை

அவர் வந்தார். காட்பாடிவரை போய் எதிர்கொண்டு அழைத்து வந்தேன். ரயிலில் ஆம்பூர் வந்து சேரும்வரை மனையைப் பற்றித்தான் பேச்சு. கிணறு எந்த மூலையில், முருங்கை எந்த மூலையில் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டிருந்தேன். பையைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மலரும் என்று எண்ணி எனக்குச் சிரிப்பாக வந்தது.

வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து முடித்து, "சரி, மிச்சத்தை எடு. நாளைக்கே நிலத்துக்காரரைப் பாத்துடலாம்" என்றார்.

பையை எடுத்துக் கொடுத்தேன். பாயில் கொட்டினார். ரூபாய், அரை ரூபாய், அணா, காலணா எல்லாம் கலந்து கிடந்தது. எண்ணினார். பையை உதறிப் பார்த்தார்.

"மீதி எங்க?"

"இவ்ளோதான்."

"இவ்ளோதானா? மூணு வருஷத்துக்கு மேல அனுப்பினேன் ரெபெக்கா. இன்னா செஞ்சே?"

அவர் சத்தம்கூடப் போடவில்லை. என் மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து, "நான் சொன்னா யார் கேட்டீங்க?" என்று ஆரம்பித்தார். பெற்ற தாயும் கட்டிய பெண்சாதியும் எதிரெதிரே நிற்க, அவர் தாயின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு திரும்பலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் இறந்து சில வருஷங்களாகின்றன. இருந்தாலும் மன்னிக்கவில்லை.

நான் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இதான் செஞ்சேன். நீங்க அனுப்பினதுல ஒரு தம்பிடி மிஞ்சல. இது பட்டை இடிச்ச காசு."

தோல்காரருக்கு ஆவாரம்பட்டைக் கறையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தார். அன்றிரவு யாரும் சாப்பிடவில்லை.

விடிந்ததும்தான் அந்தக் காசை எடுத்து என் கையில் வைத்தார். சமாதானத்துக்காகக் கொடுத்தாராம். குழந்தைக்கு ஏதாவது வாங்கிக் கொடு என்றாராம்.

"அதான் சொல்றேனே, வெள்ளின்னு. காசு பேரே வெள்ளி. அந்த ஊர்ல ரூபா கிடையாது. நம்ம ஊருக்கு இது ஒன்னே முக்கா ரூபா."

கூழ் அடிபிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"பத்து வெள்ளின்னா?" என்று கேட்டேன்.

"பதினேழரை ரூபா. பத்து வீட்டுக்கு, ஏழரை மனைக்குன்னு கணக்குப் போட்டுத்தானே அனுப்பினேன்."

ஏழரை என்றால் ஊரில் சனி பிடித்ததைச் சொல்வார்கள். நாங்கள் வேதக்காரர்கள், அதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் மாதா மாதம் எங்களைப் பிடித்தது ஏழரைதான். சந்தன சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது.

ஒன்றே முக்கால்

தீய்ந்த கூழை அப்படியே விட்டுவிட்டுப் பஜாருக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

கடைக்காரர் அப்போதுதான் சாம்பிராணி போட்டிருந்தார். நான் காசை அந்தக் கல்லின் மேல் போட்டேன். கனமான ஓசை வந்தது.

"இதை மாத்திக் குடுங்கண்ணே."

எடுத்துப் பார்த்தார். என் பின்னால் நின்றவரையும் பார்த்தார். பினாங்கிலிருந்து வந்தவரை வைத்துக்கொண்டு குறைத்துக் கொடுக்க முடியாது. ஒரு ரூபாயும் பன்னிரண்டு அணாவும் எடுத்து வைத்தார்.

"இது பேர் இன்னாண்ணே?"

"வெள்ளி."

"ஒரு வெள்ளிக்கு ஒன்னே முக்கா. பத்து வெள்ளிக்கு எவ்ளோ?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புன்சிரிப்புதான். "அது காசு, இது சீட்டும்மா. ரெண்டும் ஒன்னா? சீட்டுல பத்து வெள்ளின்னு வந்துது. பத்து வெள்ளி எண்ணிக் குடுத்தேன். காகிதமா குடுத்தேன்? வெள்ளியாத்தானே குடுத்தேன்? நீயே உன் கையால எழுதியிருக்கியே, வெள்ளி பத்து பெற்றுக்கொண்டேன்னு. நான் எழுதச் சொன்னேனா?"

கைநாட்டு வைத்தவர்களாவது எங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லலாம். எனக்கு அந்த வழியும் இல்லை.

"வயித்துல அடிச்சிட்டீங்களேண்ணே" என்றேன். குரல் நடுங்கியது. அழுகையில்லை, கோபம். பார்க்கிறவர்களுக்கு அழுகை மாதிரிதான் தெரிந்திருக்கும். அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

அப்போது என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார். "வா, போலாம்" என்றார் தணிந்த குரலில். "என் சம்பள மிச்சமெல்லாம் அங்க தம்பி கடைல கிடக்குது. போனா அங்கதான் அரிசி வாங்கணும். இங்க வெச்சுப் பேசினா அது போயிடும்."

கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கடல் தாண்டிப் போய் உழைக்கிறவனுக்கு எங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பணத்தை வைத்துக்கொள்ள ஒரு இடமில்லாமல் போனவன், வைத்த இடத்துக்கு அடிமையாகிவிடுகிறான். இது புரிந்ததால் அவர் மேல் எனக்குக் கோபம் குறைந்ததா என்றால், இல்லை.

நிலத்துக்காரர் தாம் சொன்ன சொல்படி மனையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். முருங்கையை எங்கள் மூலையிலேயே வைத்திருக்கிறார்கள்.

கிண்ணம்

அவர் மறுபடி கப்பலேறினார். ரயிலடியில் நான் சொன்னது இதுதான்: "அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும், தபாலாபீஸ்ல கட்டுங்க. கடுதாசில வெள்ளின்னு எழுதாதீங்க. ரூபான்னு எழுதுங்க."

அப்படியே செய்தார். தபால்காரர் வீட்டு வாசலில் நின்று பணத்தை எண்ணிக் கொடுத்த முதல் மாதம், என் மாமியார் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். எண்ணி முடித்ததும் உள்ளே போய்விட்டார். கொலுசுப் பேச்சு அதோடு நின்றது. தப்பாகப் பேசிவிட்டேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பட்டை இடிக்கிற இடத்தில், கிணற்றடியில், கோயில் வாசலில், பினாங்கு வீட்டுப் பெண்கள் ஒருத்தியையும் விடாமல் சொன்னேன். சாராள் என்று ஒருத்தி, என் பக்கத்து உலக்கைக்காரி. "எனக்கு ஆறு வெள்ளிதான் வரும்" என்று சொல்லிவிட்டு, விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். போடப் போட அவள் உலக்கை வேகமாக விழுந்தது.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்குக் கோயில் நிறைந்திருந்தது. ஆராதனை முடிவில் போதகர் மேசை மேலிருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். சபையாருக்குத் திராட்சரசம் கொடுக்கிற இராப்போஜனக் கிண்ணம் ஒன்று, புத்தம் புதியது, பளபளத்தது.

"நம் சபையின் மூப்பர் தேவனுக்கு மனமுவந்து அளித்த காணிக்கை இது. பினாங்கு வெள்ளிக் காசுகளையே உருக்கிச் செய்திருக்கிறார்" என்றார்.

முதல் வரிசையில் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தாழ்மையாம்.

என் மாமியார் பெண்கள் பக்கத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏண்டி, வெள்ளி எங்கன்னு கேட்டேனே" என்றார். "தோ, அங்க இருக்குது."

ரசம் வாங்க முதலில் ஆண்கள் போவார்கள், அப்புறம் பெண்கள். வரிசையில் நின்றபோது, குடிப்பதா வேண்டாமா என்று எனக்குள் ஒரு போராட்டம். குடிக்காமல் திரும்பினால் ரெபெக்காவுக்குப் பாவம் ஏதோ இருக்கிறது என்று ஊர் சொல்லும். பாவம் யாருடையது என்று கிண்ணத்துக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

முழங்கால் போட்டேன். போதகர் கிண்ணத்தை என் உதட்டருகே கொண்டு வந்தார். நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். கறுத்த விரல்கள் அந்தப் பளபளப்பில் தெரிந்தன. ஆளுக்கு ஒரு மிடறு என்பது சபை வழக்கம். நான் ஒரு மிடறு குடித்தேன். போதகர் கிண்ணத்தை இழுத்தார். நான் விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி குடித்தேன், முழுசாக இல்லை, முக்கால் மிடறு. அப்புறம்தான் விட்டேன்.

எனக்குப் பின்னால் நின்றவள் சாராள். அவளும் விடவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த பினாங்கு வீட்டுப் பெண்களும் விடவில்லை. எல்லாருக்கும் பின்னால் கடைக்காரர் மனைவி வந்து முழங்கால் போட்டபோது கிண்ணம் காலியாக இருந்தது.